மருத்துவமனைத் திட்டமும் அளவீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனைகளில் வேலை பார்ப்பவர்கள், நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள், சிறிய தனியார் மருத்துவமனை நடத்துபவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில வருடம் ஒரு மருத்துவமனையின் தரப் பிரிவில் பதிவேடுகளோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். கணக்குகளில் வரும் 200 படுக்கை மருத்துவமனை, உதாரணத்துக்காக நானே வைத்துக்கொண்டது.

ஒவ்வொரு வருடமும் தேவைப் பட்டியல் தயாரித்து மேலே அனுப்புகிறோம். அதுதானே திட்டம்?

அது விண்ணப்பம். இரண்டு வென்டிலேட்டர், ஒரு ஜெனரேட்டர், நான்கு ஸ்டாஃப் நர்ஸ் என்று எழுதி அனுப்புவோம். வந்தால் வந்தது. வராவிட்டால் அடுத்த வருடம் அதே பட்டியலில் தேதியை மட்டும் மாற்றுவோம். இருக்கிற ஆளையும் இடத்தையும் வைத்து எதைச் செய்யப்போகிறோம், எதைச் செய்யப்போவதில்லை என்று முடிவெடுப்பதுதான் திட்டம். அந்த இரண்டாவது பாதியை யாரும் எழுதுவதில்லை. எழுதினால் அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்ற பயம்.

ஒரு வட்ட மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். மயக்க மருந்து நிபுணர் ஒரே ஒருவர், அவரும் வாரத்தில் மூன்று நாள்தான் இருப்பார். ‘24 மணி நேரப் பிரசவ சேவை’ என்று வாசலில் பலகை வைத்துவிடலாம். அந்த மற்ற நான்கு நாள் இரவுகளில் வரும் கர்ப்பிணியை என்ன செய்வது? எந்த சீமாங்க் மையத்துக்கு (சிசேரியன், ரத்தம் ஏற்றுதல் வரை இரவும் பகலும் செய்யும் பெரிய பிரசவ மையம்) அனுப்புவது, கிளம்பும் முன் அங்கே யாருக்கு போன் செய்வது, 108 வண்டி வருவதற்குள் என்னென்ன மருந்து கொடுத்திருக்க வேண்டும், சிக்கல் இருக்கும் என்று முன்பே தெரிந்த தாய்மார்களை எந்தக் கிழமைகளுக்கு வரச் சொல்வது. இதை ஒரு பக்கத்தில் எழுதிப் பிரசவ வார்டில் ஒட்டினால், அந்த மருத்துவமனைக்கு ஒரு திட்டம் இருக்கிறது என்று நான் ஒத்துக்கொள்வேன்.

தொலைநோக்கு வாசகம், குறிக்கோள் வாசகம் எல்லாம் வேண்டுமா?

ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எழுதி மாட்டிவிடுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் அதில் செலவழிக்க வேண்டாம்.

மாதாமாதம் நூறு எண்கள் அனுப்புகிறோம். எதை முதலில் பார்ப்பது?

படுக்கையில் தொடங்குங்கள். எல்லா வார்டிலும் இரவு 12 மணிக்கு எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்ற சென்சஸ் ஏற்கனவே இருக்கிறது. புதிதாக ஒரு நோட்டுக்கூட வாங்க வேண்டாம்.

நம் 200 படுக்கை மருத்துவமனையில் 30 நாளுக்கு 6,000 படுக்கை நாட்கள். சென்சஸைக் கூட்டினால் 5,400 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்கை நிரம்பல் 90 சதவீதம். அந்த மாதம் 1,350 பேர் டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால், ஒருவர் சராசரியாக 4 நாள் இருந்திருக்கிறார். ஒரு படுக்கை மாதத்துக்கு 6.75 பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. இவ்வளவும் எல்லா அறிக்கையிலும் இருக்கும். யாரும் போடாத கணக்கு அடுத்தது.

அந்த 4 நாள் மூன்றரை ஆனால்? 1,350 பேருக்கும் தலைக்கு அரை நாள், அதாவது 675 படுக்கை நாட்கள் மிச்சம். 30 ஆல் வகுத்தால் தினமும் 22 படுக்கைக்கு மேல் காலியாகும். செங்கல் வைக்காமல், டெண்டர் விடாமல், ஒரு சிறிய வார்டு கிடைத்துவிட்டது.

சரி, அந்த அரை நாள் எங்கே இருக்கிறது? கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது. ஒரு நாள் மாலை டியூட்டி டாக்டரும் வார்டு சிஸ்டரும் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாகப் போய், ‘இவர் இன்று ஏன் இங்கே இருக்கிறார்?’ என்று கேட்க வேண்டும். காய்ச்சல் விடவில்லை, ஊசி மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் நியாயமான காரணங்கள். ஆனால் வேறு பதில்களும் வரும். ஸ்கேனுக்கு நாளை மறுநாள்தான் தேதி. எலும்பு ஆபரேஷனுக்குக் காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரிய டாக்டர் வராததால் டிஸ்சார்ஜ் எழுதவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டு பகல் இரண்டு மணிக்குத்தான் கைக்கு வந்தது, ஊருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. இந்தப் பதில்களை ஒரு வாரம் கோடு போட்டு எண்ணினால், அடுத்த வருடத் திட்டத்தின் பாதி அந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா வார்டிலும் நாளைக் குறைக்காதீர்கள். சுகப்பிரசவம் ஆன தாயைக் குறைந்தது 48 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தப்போக்கும் குழந்தையின் மூச்சுப் பிரச்சினையும் அந்த நேரத்துக்குள்தான் அதிகம் வரும். அங்கே சராசரி குறைந்தால் சந்தோஷப்படாமல் விசாரிக்க வேண்டும்.

எங்கள் படுக்கை நிரம்பல் 110 சதவீதம். மக்கள் நம்பி வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பாராட்டுக் கடிதத்தில் அப்படித்தான் எழுதுவார்கள். 110 என்றால் நூறு படுக்கைக்குப் பத்துப் பேர் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களைத் தாண்டித்தான் சிஸ்டர் ஊசி டிரேயோடு போகிறார்.

நோயாளிகள் ஒரே சீராக வருவதில்லை. திங்கட்கிழமை அதிகம், மழைக்காலத்தில் அதிகம். அந்த ஏற்றத்தைத் தாங்கக் கொஞ்சம் காலியிடம் வேண்டும். 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஒரு ஆய்வு இதைக் கணினி மாதிரி வைத்துப் பார்த்தது. சராசரி நிரம்பல் 85 சதவீதத்தைத் தாண்டும்போது படுக்கை கிடைக்காத ஆபத்து தெரியத் தொடங்குகிறது, 90 தாண்டினால் நெருக்கடி வாடிக்கையாகிவிடுகிறது என்பது அதன் முடிவு. 85 வேதவாக்கு இல்லை, சிறிய வார்டுகளுக்கு இன்னும் குறைவாக இருப்பதே நல்லது. ஆனால் 100 என்பது ‘முழுத் திறன்’ என்ற நினைப்பை இந்த ஆய்வு உடைக்கிறது.

ஓபி கூட்டத்தை எப்படிக் குறைப்பது? இன்னும் டாக்டர் போட்டால்தான் முடியுமா?

முதலில் ஒரு எளிய கணக்கு. மணிக்கு 150 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக 2 மணி நேரம் உள்ளே இருக்கிறார்கள் என்றால், எந்த நேரம் பார்த்தாலும் 300 பேர் நின்றுகொண்டிருப்பார்கள். ஆளுக்கு அரை மணி நேரம் குறைத்தால் 225 பேர். வருகிறவர்கள் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது, கூட்டம் மட்டும் கால்வாசி கரைந்துவிட்டது.

அந்த அரை மணியைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு நாள் ஐம்பது பேரின் ஓபி சீட்டில் ஒவ்வொரு இடத்திலும் நேரத்தைக் குறியுங்கள். சீட்டு வாங்கியது, டாக்டர் பார்த்தது, ரத்தம் எடுத்தது, முடிவு வந்தது, மறுபடி டாக்டர், மருந்து வாங்கியது. நான் இருந்த இடத்தில் இதைச் செய்தபோது எல்லோரும் டாக்டர் பற்றாக்குறையைத்தான் எதிர்பார்த்தோம். நீளமான காத்திருப்பு மருந்து வாங்கும் இடத்தில் இருந்தது. நான்கு கவுன்ட்டரில் இரண்டு பத்தரை மணிக்கு மேல்தான் திறந்தன. காரணம், மருந்தாளுநர்கள் அதுவரை வார்டுகளுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வார்டு மருந்தை முந்தின நாள் மாலைக்கு மாற்றினோம். வேறொன்றும் செய்யவில்லை.

இன்னொன்று, வரிசையில் நிற்கும் எல்லோரும் டாக்டரைப் பார்க்க வரவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத மாத்திரை வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அந்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோகிறது. வயதானவர்களின் வசதிக்காக வந்த திட்டமாகத்தான் பேசுகிறோம். என் கண்ணுக்கு அது ஓபி வரிசைக்கான மருந்தும்கூட.

தேசியத் தரச் சான்று, காயகல்ப், என்ஏபிஎச்: எது எதற்கு?

தேசியத் தர உறுதி நிர்ணயம், சுருக்கமாக என்க்யூஏஎஸ், 2013இல் அரசு மருத்துவமனைகளுக்காக வந்தது. சேவைகள், நோயாளி உரிமைகள், உள்ளீடுகள், துணைச் சேவைகள், சிகிச்சை, தொற்றுத் தடுப்பு, தர நிர்வாகம், விளைவுகள் என்று எட்டுத் தலைப்பு. ஒவ்வொரு சோதனைப் புள்ளிக்கும் 0, 1 அல்லது 2 மதிப்பெண். காயகல்ப் 2015இல் வந்த தூய்மைப் பரிசு. என்ஏபிஎச் என்பது மருத்துவமனைகளுக்கான தேசிய அங்கீகார வாரியம்; அதன் அங்கீகாரத்தைப் பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகள் வாங்குகின்றன.

என்க்யூஏஎஸ்ஸில் எனக்குப் பிடித்தது அது பார்க்கும் விதம். பதிவேட்டைப் புரட்டுவதோடு நிற்பதில்லை. நேரில் பார்க்கச் சொல்கிறது, ஊழியரைக் கேட்கச் சொல்கிறது, நோயாளியையும் கேட்கச் சொல்கிறது. தூய்மைப் பணியாளரிடம் ‘ரத்தம் கொட்டினால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். அந்த அம்மாவைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் அந்தப் புள்ளியை வாங்க முடியாது.

குறையும் உண்டு. ஆய்வுக்கு முந்தின இரண்டு வாரம் மருத்துவமனை கல்யாண வீடுபோல் ஆகிவிடும். புதுத் திரைச்சீலை, புது பெயின்ட், ஒரே ராத்திரியில் நிரப்பிய பதிவேடுகள். சான்றிதழ் மாட்டிய ஆறாவது மாதம் போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

மேலிடம் கேட்கிறதென்று எண்களைத் திருத்திவிடுகிறார்களே?

திருத்துவார்கள். இங்கே மட்டும் இல்லை. இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்களில் 98 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்பவோ வார்டில் சேர்க்கவோ வேண்டும் என்று 2004 வாக்கில் இலக்கு வைத்தார்கள். 2010இல் அது 95 ஆனது. காத்திருப்பு உண்மையிலேயே நன்றாகக் குறைந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் நோயாளிகள் எத்தனையாவது நிமிடத்தில் வெளியே போகிறார்கள் என்று வரைந்து பார்த்தபோது, நான்காவது மணி முடிவதற்குச் சற்று முன் ஒரு மலை எழுந்து நின்றது. கடிகாரத்தைப் பார்த்து வார்டுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதே காலத்தில் மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவமனையில் நிர்வாகம் இலக்குகளையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டிருக்க, வார்டுகளில் நோயாளிகள் தண்ணீருக்குத் தவித்தார்கள். 2013 பிப்ரவரியில் வந்த ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கை இதை விலாவாரியாகச் சொல்கிறது.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறியவர்கள் எண்ணிக்கை அதிகம் என்று ஒரு கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. அடுத்த மாதம் அது பாதியானது. கைதட்டல். பிறகு பதிவேட்டைப் பார்த்தால், ‘வேண்டுகோளின்பேரில் டிஸ்சார்ஜ்’ என்று புதிதாக ஒரு வகை முளைத்திருந்தது. எழுதிய கிளார்க்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திட்டுக்கு அஞ்சி அவர் செய்ததைத்தான் நானும் செய்திருப்பேன். நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: ஏன் போனார்கள்? அப்புறம் ஒரு சிஸ்டர் போன் போட்டுக் கேட்டார். வீட்டில் மாட்டைப் பார்க்க ஆளில்லை, துணைக்கு வந்தவருக்குச் சாப்பாடு இல்லை, ‘மதுரைக்குப் போகச் சொல்வார்கள் என்று பயந்தோம்’ என்று பதில்கள் வந்தன.

எண்ணை எழுதுகிறவருக்கு அந்த எண்ணால் ஏதாவது பயன் இருக்க வேண்டும். மேலே அனுப்புவதற்கு மட்டும் எழுதும் எண் சில மாதங்களில் கெட்டுவிடும்.

இறப்புகளை ஆய்வு செய்வது பழிபோடுவதில் முடிகிறது. என்ன செய்யலாம்?

பழைய கதை ஒன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் என்ற அறுவை மருத்துவர், ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வருடம் கழித்து விசாரித்து, சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும் என்றார். பெரிய மருத்துவமனைகள் காது கொடுக்கவில்லை. தானே சிறிய மருத்துவமனை தொடங்கி, 1911 முதல் 1916 வரை வெளியேறிய 337 நோயாளிகளில் 123 தவறுகள் நடந்ததாக அச்சிட்டு வெளியிட்டார். அதில் தன் தவறுகளும் உண்டு. சக டாக்டர்கள் அவரை ஒதுக்கினார்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் தனித்தனியாக ஆராயும் வழக்கம் பல வருடமாக இருக்கிறது. மாநிலத்தின் தாய் இறப்பு விகிதம் 2001-03இல் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 134. 2018-20இல் 54. அப்போது இந்தியச் சராசரி 97. இதற்கு ஆய்வு மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், சீமாங்க் மையங்கள், ரத்த வங்கி, 108 எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் எங்கே ரத்தம் இல்லை, எங்கே வண்டி தாமதம் என்று சொன்னவை அந்த ஆய்வுகள்.

அதே ஆய்வுக் கூட்டத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற டாக்டர்களும் நர்ஸ்களும் உண்டு. அதனால் சிலர் சிக்கலான கேஸை வாசலிலேயே வேறு மருத்துவமனைக்கு ரெஃபர் செய்யப் பழகினார்கள். கூட்டத்தை நடத்துபவர் ‘யார்?’ என்பதற்கு முன் ‘எத்தனை மணிக்கு?’ என்று கேட்டால் பேச்சு மாறும். மணி வாரியாகக் கோடு போட்டு வைத்தால் தாமதம் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து தீர்ந்துபோகிறது. திட்டமிட்டால் சரியாகுமா?

தமிழ்நாட்டில் ஏற்கனவே சரி செய்து காட்டிய விஷயம் இது. தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1994இல் பதிவாகி, 1995 தொடக்கத்தில் வேலையை ஆரம்பித்தது. அத்தியாவசிய மருந்துப் பட்டியல் ஒன்று, மாநிலம் முழுதுக்கும் ஒரே டெண்டர், மாவட்டக் கிடங்குகள், கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுதி மருந்திலும் மாதிரி எடுத்து ஆய்வகப் பரிசோதனை.

இதில் எல்லோரும் டெண்டரைத்தான் புகழ்வார்கள். எனக்குப் பாஸ்புக் முக்கியம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குபோல் ஒரு பாஸ்புக், அதில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்ற ஒதுக்கீடு. எதை எவ்வளவு என்று மருத்துவமனையே முடிவு செய்து கிடங்கில் எடுத்துக்கொள்ளும். மேலே இருப்பவர் உங்களுக்கு இதுதான் என்று மூட்டையாகத் தள்ளுவதற்கும், கீழே இருப்பவர் தன் நோயாளியைப் பார்த்துக் கேட்டு எடுப்பதற்கும் நிறைய வித்தியாசம். பின்னர் கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் இதுபோன்ற கழகங்களை அமைத்தன.

அப்படியிருந்தும் உங்கள் மருத்துவமனையில் தீர்ந்துபோகிறதென்றால், பெரும்பாலும் போன மாதம் கொடுத்த அளவையே இந்த மாதமும் கேட்டிருப்பீர்கள். போன மாதம் பத்து நாள் இருப்பே இல்லை என்றால், கொடுத்த அளவு உண்மையான தேவையைக் காட்டாது. இல்லாத நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மாதிரி அரசு மருத்துவமனையும் நடக்க முடியுமா?

ஒவ்வொரு கூட்டத்திலும் தவறாமல் வரும் கேள்வி. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கியது அரவிந்த். ஒரே தியேட்டரில் ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் கண்புரை ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளி தயார். டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்ததைத் தொடங்குவார். கிராமங்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள்தான் மற்ற எல்லா வேலையையும் தாங்குகிறார்கள். 1992இல் ஆரோலேப் தொடங்கிக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே செய்தபோது, அதன் விலை சாதாரண மக்களுக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது.

அப்படியே நகலெடுக்க முடியாது. கண்புரை ஒரே மாதிரியான, முன்கூட்டியே தேதி குறிக்கக்கூடிய வேலை. அரசு மருத்துவமனைக்குப் பாம்புக்கடியும் வரும், பேருந்து விபத்தும் வரும். ஆனால் தேதி குறிக்கக்கூடிய வேலை உங்களிடமும் இருக்கிறது: குடலிறக்கம், கருத்தடை, கண்புரை. அவற்றின் முதல் ஆபரேஷன் காலை எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க எவ்வளவு நேரம் என்று ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள். பலகையில் எட்டு என்றிருக்கும், கத்தி வைப்பது ஒன்பதரைக்கு.

சோதனைப் பட்டியல்கள் உண்மையில் பலன் தருமா?

தரும், பட்டியலைச் சத்தமாகப் படித்து ஒருவரோடொருவர் பேசினால். உலக சுகாதார நிறுவனம் 2008இல் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் சரிபார்க்க 19 அம்ச அறுவை சிகிச்சைப் பட்டியலைக் கொண்டுவந்தது. எட்டு நகரங்களில் சோதித்தார்கள், டெல்லியும் அதில் ஒன்று. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 ஆகவும் இறங்கியதாக 2009இல் வெளியிட்டார்கள். பிறகு கனடாவின் ஒன்டாரியோவில் இது நடைமுறைக்கு வந்ததும், நூற்றொரு மருத்துவமனைகளில் முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். 2014இல் வந்த முடிவு: குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பட்டியல் கிட்டத்தட்ட அதேதான். இதைப் பற்றி நிறைய வாதம் நடந்தது. நம் ஊரில் ஆபரேஷன் முடிந்தபின் டீ குடித்துக்கொண்டே எல்லாக் கட்டத்திலும் டிக் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு ஆச்சரியம் தராது.

நல்ல சாஃப்ட்வேர் வாங்கிவிட்டால்?

வாங்குங்கள். ஆனால் தட்டச்சு செய்யப்போவது யார், அவருடைய பழைய நோட்டு எப்போது நிற்கும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டையும் எழுத வைத்தால் இரண்டும் பொய்யாகும்.

தொடங்கினால் எப்போது பலன் தெரியும்?

மருந்துக் கவுன்ட்டர் மாதிரியான விஷயம் ஒரே வாரத்தில் தெரியும். படுக்கை நாட்கள் இறங்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். மருத்துவமனையில் வந்து பிடிக்கும் தொற்றின் விகிதம் முதலில் ஏறும், ஏனென்றால் இதுவரை யாரும் எண்ணவில்லை. அந்த முதல் மூன்று மாதம் கண்காணிப்பாளர் யாரையும் திட்டாமல் இருக்க வேண்டும். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லி, முடிந்தால் எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.